கடல் கடந்தும் கரையாதது!

மாமல்லபுரம் செல்வோர் கல்லைக் காண்கின்றனர், கடலைக் காண்பதில்லை! ஒற்றைக்கல் தேர்களைச் சுற்றி வருகின்றனர். பாறையிலே தவம் செய்யும் பூனையையும், அதன் காலடியில் கைகூப்பி நிற்கும் எலிகளையும் கண்டு சிரிக்கின்றனர். கடற்கரைக் கோயிலின் நிழலிலே நின்று படம் பிடித்துக்கொண்டு, வறுத்த மீனைச் சுவைத்துவிட்டு வீடு திரும்புகின்றனர். உளியின் பெருமை உரைக்கப்படுகிறது; ஓடத்தின் பெருமையை உரைப்பார் இல்லை.

அந்தக் கரை, தோழர்களே, கப்பல் புறப்பட்ட கரை! பல்லவர் காலத்தில் இந்தக் கடற்கரையிலிருந்து கீழைக் கடல் நாடுகளுக்கு மரக்கலங்கள் சென்றன. பொன்னும் மணியும் துணியும் மட்டுமா சென்றன? எழுத்தும் சென்றது! கம்போடியாவின் எழுத்தும், பர்மாவின் எழுத்தும், சாவகத்தின் பழைய எழுத்தும், தாய்லாந்து மக்கள் இன்று எழுதும் எழுத்தும் பல்லவர் கால எழுத்தின் கிளைகள் என்று எழுத்தாய்வாளர் எடுத்துரைக்கின்றனர். தாய்லாந்து நாட்டுத் தகுவாபாவிலே 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்ற பெயரில் அங்கே ஒரு குளம் தோண்டப்பட்டதையும், மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினர் அங்கே இருந்ததையும் அது கூறுகிறது. கடல் கடந்த தமிழன் அயல் மண்ணில் முதலில் செய்த வேலைகளில் ஒன்று குளம் வெட்டியது! இங்கே ஊர்க் குளத்தில் ஒருவன் இறங்கலாம், இன்னொருவன் இறங்கக் கூடாது என்று வேலி போட்ட கதையை நினைத்துக் கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருவோம்.

பொருளும் எழுத்தும் போயிற்று. படிப்பும் போயிற்று, வந்தது. அன்றும் ‘வெளிநாட்டுப் படிப்பு’ உண்டு. ஏறத்தாழ கி.பி. 640இல் ஒரு சீனத்து மாணவர் காஞ்சிக்கு வந்தார். பெயர் யுவான் சுவாங். பாலையைக் கடந்து, பனிமலையைக் கடந்து, நாளந்தாவிலே பயின்று, பிறகு தெற்கே வந்தவர். அவருக்கு நாளந்தாவில் ஆசானாக இருந்தவர் சீலபத்திரர். அந்தச் சீலபத்திரருக்கு ஆசான் தருமபாலர். அந்தத் தருமபாலர் யார்? காஞ்சியிலே பிறந்தவர்! நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் காஞ்சியிலே பிறந்த ஒருவர் வடக்கே சென்று ஆசிரியரானார். அவருடைய மாணவரின் மாணவர், சீனத்திலிருந்து நடந்து வந்து, ஆசானின் ஆசான் பிறந்த ஊர் இதுதான் என்று ஏட்டிலே குறித்து வைத்தார். எந்தக் குலம், எந்தக் கோத்திரம், எந்தச் சூத்திரம் என்ற கேள்வி அந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் இல்லை. பௌத்தப் பள்ளி கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: கற்கும் ஆர்வம் உண்டா?

இப்படிப்பட்ட கரைக்கு முதுகுப் புறத்திலே ஒரு சட்டம் எழுதப்பட்டிருந்தது. கடலைக் கடந்தவன் கெட்டவன் என்ற சட்டம்!

போதாயனர் தம் தரும சூத்திரத்தில், சாதியிலிருந்து வீழ்த்தும் குற்றங்களைப் பட்டியலிடுகிறார். அதிலே கடற்பயணம் இடம்பெறுகிறது. தீர்ப்பும் தருகிறார்: மூன்றாண்டுக் காலம் அரைவயிற்றுக் கஞ்சி, நாளுக்கு மூன்று குளியல், பகலெல்லாம் நிற்றல், இரவெல்லாம் உட்கார்ந்திருத்தல். மனுவோ இன்னும் தெளிவானவர். திவசச் சோற்றுக்கு அழைக்கத் தகாதவர் யார் யார் என்று மூன்றாம் அத்தியாயத்தில் வரிசைப்படுத்துகிறார். வீட்டுக்குத் தீ வைப்பவன், நஞ்சிடுபவன், பொய்ச் சாட்சி சொல்ல ஆள் பிடிப்பவன் — இந்தக் கூட்டத்தோடு கூட்டமாகக் கடலில் சென்றவனும் நிற்கிறான்! பக்கத்திலே, பாவம், செக்காட்டி எண்ணெய் எடுப்பவனும் நிற்கிறான்! தீ வைத்தவனும் செக்காட்டியவனும் கடல் கடந்தவனும் ஒரே பந்தி. அறிவுக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு வேண்டுமா?

வடமொழி ஏடுகளை மட்டும் வாரிவிட்டு நம் ஏட்டுக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போவது நேர்மையாகாது. தொல்காப்பியம் ஓதற்பிரிவு கூறுகிறது. கல்விக்காகக் காதலியைப் பிரிந்து செல்லும் தலைவனை இலக்கணமாக்கிய மொழி நம் மொழி! பெருமைப்படத்தக்கதே. ஆனால் அந்த ஓதலை உயர்ந்தோர்க்கு உரியது என்று ஒதுக்கியதும் அதே நூல். கடற்செலவு பெண்ணோடு கூடியதன்று என்று வரம்பு கட்டியதும் அதே நூல் என்பர் உரைகாரர். உயர்ந்தோன் படிக்கப் போகலாம், பெண் கரையிலே நிற்கலாம்! போற்ற வேண்டியதைப் போற்றுவோம். நீக்க வேண்டியதை நீக்குவோம். இலக்கண நூல் என்பதற்காக இளைத்துப் போக வேண்டியதில்லை.

‘அது ஏட்டுச் சுரைக்காய், யார் பின்பற்றினர்?’ என்று வைதீக நண்பர் கேட்பார். பின்பற்றினர், ஐயா! 1888இல் பதினெட்டு வயது மோகன்தாஸ் காந்தி, சட்டம் பயில இலண்டன் புறப்பட்டார். பம்பாயிலே அவருடைய மோத் பனியா சாதியார் கூட்டம் கூட்டினர். இளைஞரைச் சாதியிலிருந்து நீக்கினர். அவருக்கு உதவுவோருக்கும், துறைமுகம் சென்று வழியனுப்புவோருக்கும் ஒரு ரூபாய் நான்கணா தண்டம் விதித்தனர்! வழியனுப்பினால் தண்டம்! சட்டம் பயின்று திரும்பியவரை அண்ணன் நாசிக்குக்கு அழைத்துச் சென்று நீராட்டினார்; இராஜ்கோட்டிலே சாதியாருக்கு விருந்து வைத்தார். பாரிஸ்டர் பட்டம் இலண்டனிலே. பாவ நிவாரணம் நாசிக்கிலே!

இன்னும் நெருங்கி வருவோம். நம் ஈரோட்டிலே பிறந்து, குடந்தையிலே வளர்ந்த கணித மேதை இராமானுசன். 1914 மார்ச்சு 17 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘நெவாசா’ கப்பலில் ஏறினார். ஏறுவதற்கு முன் எத்தனை தடை! தாயின் மறுப்பு, உறவினர் முணுமுணுப்பு, ஆசாரத்தின் அச்சுறுத்தல். நாமகிரித் தாயார் கனவிலே வந்து விடை கொடுத்தபிறகே வீட்டில் இசைவு கிடைத்தது என்று கதை சொல்கிறார்கள். ஆர்டியின் அழைப்பு போதவில்லை, பல்கலைக்கழகத்தின் ஆண்டுக்கு 250 பவுன் உதவி போதவில்லை. கனவு ஒன்று தேவைப்பட்டது! குடுமியை எடுத்துவிட்டுக் கப்பலேறியவர், கேம்பிரிட்சிலே குளிரில் நடுங்கினார். கட்டிலில் விரித்திருந்த கம்பளிகளுக்கு உள்ளே நுழைந்து உறங்க வேண்டும் என்பது தெரியாமல், மேலங்கியையும் சால்வையையும் போர்த்துக்கொண்டு அவற்றின் மேலேயே படுத்திருந்தாராம். மகலனோபிசு என்ற வங்க மாணவர்தாம் கம்பளியைத் தூக்கிக் காட்டினார். புதிய நாட்டில் ஒரு மாணவன் கற்கும் முதற்பாடம் பெரும்பாலும் இப்படித்தான். நூலகத்திலே அன்று, படுக்கையறையிலே!

அந்த மேதை 1918இல் அரசவைக் கழகத்தின் உறுப்பினரானார். 1919இல் நோயாளியாகத் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில், முப்பத்திரண்டு வயதில், மறைந்தார். உலகமே தலைவணங்கிய அந்த உடலுக்கு இறுதி வழியனுப்ப ஆசாரமிக்க உறவினர் பலர் வரவில்லை. ஏன்? கடல் கடந்தவர், இராமேசுவரம் சென்று நீராடித் தீட்டுக் கழிக்கவில்லை! எலும்பும் தோலுமாகப் படுக்கையில் கிடந்தவர் எப்படிச் செல்வார் இராமேசுவரத்துக்கு? அந்தக் கேள்வியைக் கேட்கும் இதயம் சாத்திரத்துக்கு இல்லை.

இதே காலத்தில், இன்னொரு மாணவர். 1913 சூலையில், பரோடா மன்னரின் உதவித்தொகையோடு நியூயார்க்கு நகரில் இறங்கினார் பீமராவ் அம்பேத்கர். கொலம்பியாவின் மாணவர் விடுதியில் தங்கினார். உணவு பிடிக்காமல் வேறு விடுதி மாறினார். எல்லா மாணவர்க்கும் நேர்வதே அவருக்கும் நேர்ந்தது. ஆனால் எல்லா மாணவர்க்கும் கிடைக்காத ஒன்று அவருக்குக் கிடைத்தது. நடக்கும்போது யாரும் ஒதுங்கவில்லை. உண்ணும்போது யாரும் எழுந்து போகவில்லை. ‘நீ யார்?’ என்ற கேள்விக்கு ‘மாணவன்’ என்ற விடை போதுமானதாக இருந்தது! ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாழ்ந்த அந்த ஐந்து ஆண்டுகள், தாம் தீண்டப்படாதவர் என்ற நினைவையே தம் உள்ளத்திலிருந்து துடைத்துவிட்டன என்று பின்னாளில் எழுதினார்.

அந்த நினைவைத் திருப்பித் தந்தது பரோடா இரயில் நிலையம். 1917இல், படித்த படிப்புக்கு ஈடாகப் பணிபுரிய வந்தவருக்குத் தங்க இடமில்லை. இந்து விடுதி சேர்க்காது. பார்சி விடுதியிலே பெயர் மாற்றித் தங்கினார். பதினோராம் நாள் கையிலே தடிகளுடன் ஒரு கூட்டம் படியேறி வந்தது. மாலைக்குள் வெளியேறச் சொன்னது. இந்து நண்பர் ஒருவரிடம் போனார், கிறித்தவ நண்பர் ஒருவரிடம் போனார். இருவரும் நயமாகக் கைவிரித்தனர். பூங்காவிலே உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு இரயிலுக்குப் பம்பாய் திரும்பினார். இந்த வரலாற்றையெல்லாம் சொல்லும் சிறு நூலுக்கு அவருடைய ஏட்டிலே இருந்த தலைப்பு, ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’! அமெரிக்கா செல்ல அவருக்கு அனுமதி கிடைத்தது. பிறந்த நாட்டுக்குள் நுழையத்தான் அனுமதிச்சீட்டு இல்லை.

இரண்டு மாணவர்களையும் பக்கத்திலே நிறுத்திப் பாருங்கள், தோழர்களே! கடல் கடந்ததால் தீட்டுற்றவர் ஒருவர். கருவிலே தோன்றியதால் தீட்டுற்றவர் மற்றொருவர். முன்னவரின் தீட்டைக் கழுவ இராமேசுவரத்திலே நீர் இருந்தது. பின்னவரின் தீட்டைக் கழுவ எந்தக் கடலிலும் நீர் இல்லை! அட்லாண்டிக்கும் போதவில்லை, அரபிக்கடலும் போதவில்லை.

முதல் தீட்டு என்ன ஆயிற்று? இன்று யாராவது கடல் கடந்ததற்காகப் பிராயச்சித்தம் செய்கிறார்களா? ‘மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான்’ என்று சொல்லும்போது மாமிகளின் முகத்திலே எத்தனை மலர்ச்சி! சாத்திரம் செத்ததா? பகுத்தறிவு வென்றதா? இல்லை. ஊதியம் வென்றது! டாலரின் முன்னே தருமசூத்திரம் தானே வாயை மூடிக்கொண்டது. போதாயனரை யாரும் மறுக்கவில்லை, மறந்துவிட்டார்கள். மறுக்காமல் மறந்தது எப்போது வேண்டுமானாலும் மீளும். பாறையிலே தவம் செய்யும் பூனை தவத்தை விட்டுவிடவில்லை. எலி கிடைக்கும் இடத்துக்கு ஒற்றைக் காலை மாற்றி வைத்திருக்கிறது.

ஐதராபாத்துக்கு அருகே சில்கூரில் ‘விசா பாலாஜி’ இருக்கிறார். பதினொரு முறை சுற்றினால் விண்ணப்பம். விசா வந்தபின் நூற்றெட்டு முறை சுற்றினால் நன்றி! சென்னை விமான நிலையத்தை அடுத்தே ‘விசா பிள்ளையார்’ ஒருவர் எழுந்தருளியிருக்கிறார். கடல் கடந்தால் சாதி போகும் என்ற கடவுள், கடல் கடக்கத் தரகராக வந்து அமர்ந்திருக்கும் காட்சியைக் காணக் கண் கோடி வேண்டும்! பொறியியல் படித்த பிள்ளை, வானூர்தி ஏன் பறக்கிறது என்று தேர்விலே எழுதி முதல் வகுப்பு வாங்கிய பிள்ளை, இராகு காலத்தில் கிளம்பும் வானூர்தி வேண்டாமென்று சீட்டை மாற்றுகிறான்.

இலண்டன் தேர்வின் கதையை நம் மாணவர்களிலே பலர் அறியார். இந்திய ஆட்சிப் பணித் தேர்வு இலண்டனிலேதான் நடந்தது. 1922இல்தான் அலகாபாத்திலும் நடக்கத் தொடங்கியது. அந்தத் தேர்வை இங்கேயும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் கேட்டனர். 1893 சூனில் இங்கிலாந்துப் பொதுமக்கள் அவை அதற்குச் சார்பாகத் தீர்மானமும் செய்தது. நாட்டுப் பற்றாளர் நெஞ்சம் மகிழ்ந்தது. அப்போது சென்னையிலிருந்து ஒரு மறுப்பு எழுந்தது. எழுப்பியவர் இரட்டைமலை சீனிவாசன். பிறந்த ஊர், இதே செங்கற்பட்டுச் சீமையில் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம்!

1893 திசம்பரில் சென்னையில் கூட்டம் கூட்டினார். 3412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள மனுவை இலண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். வாதம் எளிது, கூர்மையானது. தேர்வு இங்கே நடந்தால் அதிலே வெல்லப்போவது யார்? ஊரிலே கல்வியை உடைமையாக்கிக்கொண்ட சாதிகள். அவர்களே ஆட்சியாளராக வந்தால், சேரியிலே வாழ்வோன் எந்த வாயிலிலே முறையிடுவான்? இன்றைக்கும் சிலர் அவரை வெள்ளையனுக்கு வால்பிடித்தவர் என்கிறார்கள். சொல்கிறவர்கள் ஒன்றை விளக்கட்டும்: கடல் தாண்டக் கூடாது என்று சட்டம் வைத்தவர்கள் யார்? தாண்டாமலே பதவி தம் வீட்டுத் திண்ணைக்கு வரவேண்டும் என்று கேட்டவர்கள் யார்? தாமே கட்டிய வேலியைத் தாமே தாண்ட முடியாமல், வேலிக்கு இந்தப் பக்கம் வயலைக் கொண்டுவரச் சொன்ன விந்தையல்லவா அது! கடலைக் கண்டு அஞ்சாத சீனிவாசனாரோ, தென்னாப்பிரிக்கா சென்று பல்லாண்டு பணிபுரிந்து திரும்பினார். 1924இல் பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோர்க்கும் பொது என்ற தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார். 1930இல் அம்பேத்கரோடு இலண்டன் வட்டமேசை மாநாட்டிலே அமர்ந்தார். கோழியாளத்திலிருந்து இலண்டன் சென்ற அந்த வழியை எந்தப் பாடநூல் படம் போட்டுக் காட்டுகிறது?

இன்று புறப்படும் தம்பி தங்கைகளிடம் வருவோம். புதிய நாட்டிலே இறங்கிய மாணவன் முதல் திங்களில் எதை எண்ணுகிறான்? குளிரை எண்ணுகிறான். அம்மா வைத்த இரசத்தை எண்ணுகிறான். ஒவ்வொரு டாலரையும் ரூபாயாக்கிப் பெருமூச்சு விடுகிறான். ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கும் மாணவரைக் கண்டு திகைக்கிறான். பிறகு தானும் அழைக்கிறான். இவையெல்லாம் கடிதத்திலே வரும், கைப்பேசியிலே வரும். வராத செய்தி ஒன்று உண்டு.

அறையிலே நால்வர். வேலைக்கு ஆளில்லை, முறை வைத்துக் கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவனுடைய முறை. கழிப்பறையைக் கழுவுகிறான்! தன் கையால் கழுவுகிறான்! வானம் இடியவில்லை, குலம் கெடவில்லை. கையைச் சோப்பால் கழுவிவிட்டுக் காப்பி குடிக்கிறான், காப்பியும் கசக்கவில்லை. அந்தத் துடைப்பத்தைப் பிடித்தபடியே ஒரு நொடி அவன் எண்ணட்டும்: இத்தனை ஆண்டுகள் என் வீட்டிலே இதைச் செய்தவர் யார்? அவர் பெயரென்ன? முன்வாசல் வழியாக வந்தாரா, கொல்லைப்புறமாக வந்தாரா? எந்தக் குவளையிலே அவருக்குத் தண்ணீர் தந்தோம்? பிறர் மலத்தை மனிதன் கையால் அள்ளக்கூடாதென 1993இல் ஒரு சட்டம், போதாதென்று 2013இல் மற்றொரு சட்டம் செய்ய வேண்டியிருந்த நாடு நம் நாடு. பல்கலைக்கழகம் இரண்டாண்டில் கற்பிப்பதைவிட அந்த ஞாயிற்றுக்கிழமை கற்பிப்பது குறைந்ததன்று. கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவே!

கற்றுக்கொள்கிறார்களா? வெள்ளையன் ஒருவன் தெருவிலே நிறம் பார்த்து முகம் சுளித்தால் தம்பி கொதிக்கிறான். கொதிக்கட்டும், அது அறக்கொதிப்பு. அன்று மாலையே தமிழர் விருந்திலே புதிதாக வந்தவனைச் சுற்றி அமர்கிறார்கள். ‘எந்த ஊர்?’ செங்கற்பட்டு. ‘செங்கற்பட்டிலே எங்கே?’ தெருப் பெயர் வந்தால் போதும், கணக்கு முடிந்துவிடும். தெருப் பெயர் தராதவனிடம் ‘நீங்கள் சைவமா?’ என்ற கேள்வி வரும். அதற்கும் அகப்படாதவனின் தோளிலே அன்போடு ஒரு தட்டு! நூல் தடவும் கை அது. இதிலே பூணூல் போட்டவரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் நழுவ முடியாது. நூல் போடாத சாதிகளும் அங்கே சங்கம் வைத்திருக்கின்றன. சாதிக்குள்ளே மணமகள் தேடுகின்றன. பட்டப்பெயரை மீசை போல முறுக்குகின்றன. 1929 பிப்ரவரி 17, 18 நாள்களில் இதே செங்கற்பட்டிலே, டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார் தலைமையிலே கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னே சாதிப் பட்டம் வேண்டாம் என்றது. செங்கற்பட்டிலே வெட்டிய வாலைச் சிகாகோவிலே ஒட்டிக்கொள்வதா?

அயல்நாட்டார் இதைக் கண்டுகொள்ளத் தொடங்கிவிட்டனர். கலிபோர்னிய அரசுப் பல்கலைக்கழகக் குழுமம் 2022 சனவரியில் தன் பாகுபாட்டுத் தடை விதிகளிலே சாதியையும் சேர்த்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்க நகரங்களிலே அதுவே முதல். அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை ஆளுநர் ஒப்பமிடாமல் திருப்பினார். இருக்கும் சட்டமே போதும் என்றார். பிரிட்டனிலே, சமத்துவச் சட்டத்துக்குள் சாதியைக் கொண்டுவர 2013இல் பாராளுமன்றம் முடிவு செய்தது. 2018இல் அரசு பின்வாங்கியது. இத்தனை நாடுகளிலும் எதிர்த்து நின்று குரல் கொடுத்தவர்களிலே நம் நாட்டுப் பெரிய மனிதர் இருந்தனர்! ‘சாதியா? எங்களிடமா? அதைப் பற்றிப் பேசுவதே எங்களை இழிவுபடுத்துவது’ என்பது அவர்கள் வாதம். சாதி இல்லையென்றால் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை வருவதில் இவர்களுக்கு இழப்பு என்ன? திருடாதவன் பூட்டைக் கண்டு ஏன் பதறுகிறான்?

போகிறவர்களைப் பற்றிப் பேசினோம். போக முடியாதவர்கள்?

வெளிநாட்டுப் படிப்புக்கு அறிவு வேண்டும், ஆங்கிலம் வேண்டும், இடம் கிடைக்க வேண்டும். எல்லாம் கிடைத்த பின் வங்கிக்குப் போக வேண்டும். ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குப் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கிறது வங்கி. சொத்து என்றால் பத்திரம். பத்திரம் என்றால் நிலம். ஆக, பாஸ்டனுக்குப் போகும் வழி கிராம நிர்வாக அலுவலரின் மேசை வழியாகப் போகிறது! யாருடைய பெயரில் பட்டா என்ற கேள்விக்கும் யாருடைய பிள்ளை கடல் கடக்கிறது என்ற கேள்விக்கும் விடை ஒன்றே.

செங்கற்பட்டிலே அந்தப் பட்டாவின் வரலாறு கண்ணீர் வரலாறு. 1891இல் செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை எழுதினார். உழுகிறவனுக்கு உழவு நிலம் இல்லை. குடியிருக்கும் குடிசையின் மண்ணும் அவனுடையதன்று என்பதை அந்த வெள்ளை அதிகாரி கண்டார். அதன் பின்னர் 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று பெயர். பத்தாண்டுக்கு விற்கக் கூடாது. அதன் பிறகும் அதே மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை. நூறாண்டு கழிந்தது. நிபந்தனை தாளிலே இருந்தது. நிலம் வேறு கைகளிலே இருந்தது! அந்தக் கைகளெல்லாம் பூணூல் அணிந்த கைகள் அல்ல, தோழர்களே. நம்மைப் போல் ‘தமிழர்’ என்று மார்தட்டும் கைகளும் அவற்றிலே உண்டு. அதை ஒப்புக்கொள்ளத் துணிவில்லாதவன் சமூக நீதி பேசும் மேடையிலே ஏற வேண்டாம்.

மாமல்லபுரத்திலிருந்து தொலைவில்லாத கரணை என்ற ஊரிலே அந்த நிலத்தைக் கேட்டார்கள். அங்கே அம்பேத்கர் சிலையை நிறுத்தினார்கள், சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டிலே திரண்டு முறையிட்டார்கள். காவல் துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் மாண்டனர். சட்டம் தந்த நிலத்தைச் சட்டத்தின்படி கேட்டதற்குக் கிடைத்த விடை அது. கற்சிற்பம் காண உலகமே வரும் வட்டாரத்திலே இந்த இரு பெயர்களைச் சொல்லித் தருவோர் உண்டா?

நிலம் உள்ள வீட்டிலும் மகளின் கதை வேறு. மகனின் விசாவுக்கு வயல் விற்கப்படும். மகளுக்கென்று வரும்போது, ‘வயல் போனால் கல்யாணம் எப்படி?’ என்ற கேள்வி வரும். பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை வேண்டுமென அந்த 1929 செங்கற்பட்டு மாநாடு தீர்மானித்தது. தமிழ்நாட்டிலே அது சட்டமானது 1989இல். அறுபதாண்டு! ஒரு தீர்மானம் சட்டமாவதற்குள் மூன்று தலைமுறைப் பெண்கள் பாகப்பிரிவினைத் தாளிலே விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டுவிட்டார்கள். சட்டம் வந்தபின்னும் அந்தக் கையெழுத்து வாங்கும் அண்ணன்மார் குறையவில்லை. மருத்துவர் முத்துலட்சுமி 1925இல் மேற்பயிற்சிக்கு இலண்டன் சென்றார் என்றால், அரசின் உதவி இருந்தது. பாட்டன் நிலம் அனுப்பவில்லை.

ஆகவேதான் அரசின் உதவித்தொகை பிச்சையன்று. பறித்ததிலே ஒரு பகுதியைத் திருப்புவது. ஒடுக்கப்பட்ட வகுப்பு மாணவர் வெளிநாட்டில் பயில ஒன்றிய அரசு தரும் உதவித் திட்டம் 1950களிலே தொடங்கியது. ஆண்டுக்கு இடம் எத்தனை? நாடு முழுவதற்கும் 125! அதற்குள்ளும் 2022 பிப்ரவரியில் ஒரு விதி நுழைந்தது: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்கு இந்தத் தொகை கிடையாது! கடல் கடக்கலாம், கணினி படிக்கலாம், கட்டடம் கட்டப் படிக்கலாம். உன்னைக் கீழே அமுக்கி வைத்திருப்பது எது என்று மட்டும் ஆராயக் கூடாது! இங்கே இருக்கும் நூலகங்களே அதற்குப் போதும் என்று காரணம் சொல்லப்பட்டது. 1916 மே 9 அன்று கொலம்பியாவிலே, ஓர் ஆய்வுக் கருத்தரங்கிலே, இந்தியாவில் சாதிகள் தோன்றிய வகை பற்றி ஒரு மாணவர் கட்டுரை படித்தார். இருபத்தைந்து வயது அம்பேத்கர்! அந்தத் தலைப்போடு அவர் இன்று விண்ணப்பித்தால், அவர் பெயரைச் சொல்லி ஆண்டுதோறும் மாலை போடும் அரசே விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும்.

2025-26ஆம் ஆண்டுக்கு அந்த உதவித்தொகைக்குத் தேர்வானவர்கள் 106 பேர். பல்கலைக்கழகம் இடம் தந்துவிட்டது, நாள் குறித்துவிட்டது. சூலைத் திங்களில் முதலில் ஆணை பெற்றவர்கள் 40 பேர். மற்ற 66 பேருக்குச் சொல்லப்பட்ட விடை: நிதி இருந்தால், பிறகு.